பன்னிரண்டில் ஒன்று தப்பு: என் பிட்காயினை நானே பூட்டிக்கொண்ட கதை

என் பிட்காயினை யாரும் திருடவில்லை. நானே பூட்டினேன், சாவியையும் நானே தப்பாக எழுதி வைத்தேன். திருடன் அதற்கு அப்புறம்தான் வந்தான், அதுவும் நான் வாசலைத் திறந்து கூப்பிட்டதால். கடைசிக் கணக்கில் என் கையை விட்டுப் போனது 1.8 ஈதர், பிட்காயின் போல இன்னொரு கிரிப்டோ காயின். மயிரிழையில் தப்பியது 0.42 பிட்காயின். இடையில் போன பத்தொன்பது நாள் தூக்கத்துக்கும், கணவரிடம் முகம் கொடுத்துப் பேச முடியாமல் சுற்றியதற்கும் கணக்கு இல்லை. அந்த நாட்களில் 'இப்படி ஆகும், இதைச் செய், இதைச் செய்யாதே' என்று தமிழில் யாராவது ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தால் பாதி அவதி குறைந்திருக்கும். அதனால் எழுதுகிறேன், வெட்கமாக இருக்கிற இடங்களையும் விடாமல்.

சம்பளத்தில் மிச்சம் பிடித்து மாதாமாதம் கொஞ்சம் பிட்காயின் வாங்குவது 2019 முதல் என் பழக்கம். எல்லாம் ஒரு எக்ஸ்சேஞ்சிலேயே, அதாவது காயின் வாங்கி விற்கும் தளத்திலேயே, கிடக்கும். எக்ஸ்சேஞ்ச் கணக்கில் தெரிவது அவர்கள் நமக்குத் தர வேண்டிய பாக்கி, அவ்வளவுதான். காயினின் சாவி அவர்கள் கையில். இது எனக்கு வாசிப்பில் தெரியும், மனதில் உறைக்கவில்லை. 2014இல் மவுண்ட் காக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் விழுந்தபோது சுமார் 8,50,000 பிட்காயினைக் காணவில்லை என்றார்கள், பிற்பாடு அதில் 2,00,000 கிடைத்தது. கனடாவின் குவாட்ரிகாசிஎக்ஸ் எக்ஸ்சேஞ்சின் நிறுவனர் 2018 டிசம்பரில் இறந்தார், சாவிகள் அவரோடு போய்விட்டன என்றார்கள், பிறகு விசாரித்தால் அடிப்படையே மோசடி. இதெல்லாம் எனக்கு யாருக்கோ நடந்த பழங்கதை. 2022 நவம்பர் 11 அன்று எஃப்டிஎக்ஸ் என்ற பெரிய எக்ஸ்சேஞ்ச் திவால் மனு கொடுத்ததும்தான் வயிற்றைப் பிசைந்தது. என் எக்ஸ்சேஞ்ச் வேறு, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அன்று இரவே எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட வேண்டும் என்று ஒரு வெறி.

போனில் ஒரு வாலட் ஆப், அதாவது காயினின் சாவியை நாமே வைத்துக்கொள்ள உதவும் ஆப், இறக்கினேன். அது பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களைக் காட்டி, எழுதி வைத்துக்கொள் என்றது. சீட் ஃப்ரேஸ் என்பது இதுதான். கையில் கிடைத்த நோட்டுத்தாளில் பால்பாயின்ட் பேனாவால், நான் வழக்கமாக எழுதும் சாய்ந்த கூட்டெழுத்தில், கிறுக்கினேன். சரியாக எழுதினாயா என்று சோதிக்க ஆப் மூன்று சொற்களை மட்டும் கேட்டது. மூன்றும் சரி. எக்ஸ்சேஞ்சிலிருந்து 0.42 பிட்காயினை அனுப்பினேன், வந்து சேர்ந்தது, தாளை மடித்து ஃபைலில் வைத்தேன். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். மொத்த வேலைக்கும் கால் மணி நேரம். இதைவிட அதிக நேரம் நான் செருப்பு வாங்கச் செலவழித்திருக்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனென்றால் இது தெரியாததால்தான் பின்னால் அத்தனை நாள் தடுமாறினேன். காயின் போனுக்குள் இருப்பதில்லை. அது பிளாக்செயின் என்கிற பொதுக் கணக்கேட்டில் ஒரு வரி. அந்த வரியை நகர்த்தும் உரிமை பிரைவேட் கீ என்கிற ரகசியச் சாவியை வைத்திருப்பவருக்கு. அந்தக் கீயை உருவாக்கும் விதைதான் பன்னிரண்டு சொற்கள். பெரும்பாலான வாலட்டுகள் பிப்-39 என்ற ஒரே தரத்தைப் பின்பற்றுகின்றன. அதில் மொத்தம் 2,048 சொற்கள் கொண்ட நிலையான பட்டியல் உண்டு. எந்த இரண்டு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்துகள் ஒன்றாக இருக்காது. கடைசிச் சொல்லுக்குள் ஒரு சரிபார்ப்பு எண்ணும் ஒளிந்திருக்கிறது. கண்ட சொற்களை வரிசையாகப் போட்டால் ஆப் 'செல்லாது' என்று சொல்வது அந்த எண்ணை வைத்துத்தான். ஆப்பை அழித்தாலும் போனை உடைத்தாலும் கவலையில்லை, சொற்கள் சரியாக இருந்தால் எல்லாம் திரும்ப வரும். சரியாக இருந்தால்.

ஒன்றரை வருஷம் கழித்து போன் தண்ணீரில் விழுந்து செத்தது. எனக்குப் பதற்றமே இல்லை. புதுப் போன் வாங்கி, அதே ஆப்பை இறக்கி, ஃபைலைத் தேடித் தாளை எடுத்து, பன்னிரண்டு சொற்களையும் தட்டினேன். செல்லாது என்றது. ஏதோ எழுத்துப்பிழை என்று மறுபடி தட்டினேன். செல்லாது. மூன்றாம் தடவை தட்டும்போது விரல் நடுங்கியது. பன்னிரண்டு சொல்லும் பட்டியலில் உள்ள சொற்கள்தான். தட்டத் தட்ட ஆப்பே அவற்றை எடுத்துக் கொடுக்கிறது. அதனால் என் மனது ஒரே பிடியாக நின்றது: என் தாள் சரி, ஆப்தான் கெட்டுப்போயிருக்கிறது. அந்த ஒரு நம்பிக்கைதான் அடுத்த பத்தொன்பது நாளைத் தின்றது.

முதல் வாரம் வரிசை மாறியிருக்குமோ என்று இரண்டிரண்டு சொற்களாக இடம் மாற்றிப் பார்த்தேன். அப்புறம் வேறு ஆப்பில் போட்டால் வேலை செய்யுமோ என்று ஒன்று, இரண்டு என்று ஐந்து ஆப் இறக்கினேன். அவற்றில் இரண்டின் பெயரை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதுகூட இல்லை. நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. சொற்களைக் கேட்கும் எந்த ஆப்பும் அவற்றைத் தன் எஜமானனுக்கு அனுப்பி வைக்கலாம், நமக்குத் தெரியவே தெரியாது. இரவு எல்லாரும் தூங்கிய பிறகு போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் இதே வேலை. கணவர் ஒரு நாள் விழித்துப் பார்த்து, "என்னம்மா, ஆபீஸ்ல ஏதாவது பிரச்சினையா?" என்றார். ஆமாம் என்றேன். அவருக்குத் தெரியாமல் சேர்த்த பணம் இல்லை அது. ஆனால் 'எக்ஸ்சேஞ்சில் சும்மா இருந்ததை நீதானே எடுத்தாய்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவாரோ என்று பயம். அவர் அப்படிச் சொல்கிறவரே இல்லை. ஆனாலும் வாய் வரவில்லை. அன்றைக்கே சொல்லியிருந்தால், பக்கத்தில் இன்னொரு தலை இருந்திருந்தால், அடுத்து வந்தது நடந்திருக்காது.

பத்தொன்பதாம் நாள் அந்த வாலட்டின் பெயரோடு 'உதவி' என்று போட்டுத் தேடினேன். மேலே முதலில் வந்ததைத் தொட்டேன். அது விளம்பரம் என்பதைக்கூடப் பார்க்கவில்லை. அச்சு அசல் அந்த நிறுவனத்தின் பக்கம் மாதிரியே. மூலையில் அரட்டைப் பெட்டி. 'மேடம்' போட்டு மரியாதையாகப் பேசினார்கள். "உங்கள் வாலட் நெட்வொர்க்கோடு சிங்க் ஆகவில்லை மேடம், பயப்படாதீர்கள், அடிக்கடி நடப்பதுதான்" என்றதும் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மூன்று வாரத்தில் முதல் முறையாக ஒருவர் இது சரியாகிவிடும் என்கிறார். சொற்களை ஒரு பெட்டியில் போடச் சொன்னார்கள். யாருக்கும் சொற்களைச் சொல்லாதே என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வேலை செய்யாத சொற்கள்தானே, இதை வைத்து என்ன செய்துவிடுவார்கள் என்று மூளை ஒரு நியாயம் கண்டுபிடித்தது. போட்டேன். "வேலை செய்கிற வேறு வாலட் இருக்கிறதா மேடம், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்" என்றார்கள். பழைய டேப்லெட்டில் தனியாக ஒரு ஈதர் வாலட் வைத்திருந்தேன். அதன் சொற்களையும் போட்டேன். நான்கு நிமிடம். 1.8 ஈதர் இருந்த இடத்தில் பூஜ்யம். அரட்டைப் பெட்டி மூடிக்கொண்டது.

இரண்டு வருஷம் சிறுகச் சிறுகச் சேர்த்தது. அழக்கூட வரவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

எந்த வாலட் நிறுவனமும், எந்தச் சூழ்நிலையிலும், சொற்களைக் கேட்காது. சொற்களைக் கேட்கிற கணத்திலேயே எதிரே இருப்பவர் திருடர் என்று முடிவு கட்டிவிடலாம், விதிவிலக்கே இல்லை. சரிபார்க்க, சிங்க் செய்ய, அப்டேட் செய்ய, பரிசு வாங்க என்று காரணம் எத்தனை வேடம் போட்டு வந்தாலும் சரி. 'வேலை செய்யாத சொற்கள்' என்று நாம் நினைப்பதும் ரகசியம்தான். அது ஏன் என்று அன்றிரவே எனக்குப் புரிந்தது.

குழாயடியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது. பன்னிரண்டில் ஒரே ஒரு சொல் தப்பு என்றால்? ஒவ்வொரு இடத்திலும் மற்ற 2,047 சொற்களையும் போட்டுப் பார்க்கலாம். பன்னிரண்டு இடம். மொத்தம் 24,564. மனிதருக்கு அது ஆயுசு வேலை. கம்ப்யூட்டருக்கு ஒன்றுமே இல்லை. அதிலும் சரிபார்ப்பு எண்ணில் பதினாறுக்கு ஒன்றுதான் தேறும், ஆக மிஞ்சுவது ஆயிரத்து ஐந்நூறு சொச்சம். ஒரு நொடி சந்தோஷம், அடுத்த நொடி ஈரக்குலை நடுங்கியது. இதே கணக்கை அவர்களும் போடலாமே. என்னிடம் இருக்கும் அதே தப்பான பன்னிரண்டு சொற்கள் இப்போது அவர்களிடமும் இருக்கின்றன. இனி யார் முதலில் கண்டுபிடிக்கிறோம் என்பதுதான்.

தேடிப் பார்த்ததில் பிடிசி ரிகவர் என்ற திறமூல நிரல் (உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கக்கூடிய நிரல்) ஒன்று இந்த வேலையைத்தான் செய்கிறது என்று தெரிந்தது. இந்த முறை இரண்டு மடங்கு சந்தேகத்தோடு, அதைப் பற்றிப் பல இடங்களில் படித்து, மூல இடத்திலிருந்து இறக்கினேன். பழைய லேப்டாப் ஒன்றைப் பென் டிரைவிலிருந்தே இயங்கும் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஏற்றி, தேவையான துணை நிரல்களையும் முன்கூட்டியே போட்டுவிட்டு, வைஃபையை அணைத்தேன். அதற்கப்புறம்தான் சொற்களை அதில் தட்டினேன். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. கறுப்புத் திரையில் கட்டளை தட்டிப் பழக்கமும் இல்லை. இரவு பதினொன்றுக்கு உட்கார்ந்தவள், அது கேட்பதைச் சரியாகக் கொடுக்கவே மூன்றரை மணி நேரம் ஆயிற்று.

அது கேட்ட முக்கியமான ஒன்று: இந்த வாலட்டின் ஏதாவது ஒரு முகவரி, அதாவது காயின் வந்து சேரும் இடத்தைக் குறிக்கும் நீளமான எழுத்து-எண் வரிசை. ஆயிரத்து ஐந்நூறு வாலட்டில் எது நம்முடையது என்று அதற்குத் தெரிய வேண்டுமே. பழைய போன் செத்துப்போனது, முகவரியை எங்கும் குறித்து வைக்கவில்லை. திகைத்துப்போய் இருக்கும்போது நினைவு வந்தது, 2022இல் எக்ஸ்சேஞ்சிலிருந்து அனுப்பியபோது ஒரு மின்னஞ்சல் வந்திருக்குமே. வந்திருந்தது. அதில் பிசி1 என்று தொடங்கும் முழு முகவரி. அந்த மின்னஞ்சலை எத்தனையோ தடவை இன்பாக்ஸ் துடைக்கும்போது அழிக்கப் போயிருக்கிறேன். முகவரியின் தொடக்கம் இன்னொன்றையும் சொல்கிறது. ஒரே சொற்களிலிருந்து 1இல் தொடங்கும் பழைய வகை, 3இல் தொடங்கும் வகை, பிசி1இல் தொடங்கும் வகை என்று வெவ்வேறு பாதைகளில் முகவரிகள் பிறக்கும். இந்தப் பாதைக்கு டெரிவேஷன் பாத் என்று பெயர். சொற்கள் சரியாக இருந்தும் வாலட் காலியாகத் தெரிகிறது என்று பதறுகிறவர்களில் பலருக்குச் சிக்கல் இங்கேதான் இருக்கும். காயின் போயிருக்காது, ஆப் வேறு பாதையில் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் சொற்களோடு வாலட் ஆப்பின் பெயர், டெரிவேஷன் பாத், பெறுமுகவரி ஒன்று, மூன்றையும் எழுதி வையுங்கள். சொற்கள் இல்லாமல் இவை மூன்று மட்டும் யார் கையில் கிடைத்தாலும் காயினை எடுக்க முடியாது. முகவரியை வைத்து எவ்வளவு இருக்கிறது என்று எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

முகவரியைக் கொடுத்து ஓடவிட்டேன். தண்ணீர் குடிக்க எழுந்து திரும்புவதற்குள் முடிந்திருந்தது. ஒன்பதாவது சொல். நான் 'வொர்க்' என்று எழுதியிருந்தேன். அது 'வேர்ட்'. இரண்டும் பட்டியலில் உண்டு, ஆங்கிலத்தில் கடைசி எழுத்து மட்டும்தான் வித்தியாசம். என் கூட்டெழுத்தில் 'டி' போட்ட கை அவசரத்தில் 'கே' போட்டுவிட்டது. தாளைப் பார்த்தால் சந்தேகத்துக்கே இடமில்லாத 'கே'. ஆங்கிலத்தில் 'வேர்ட்' என்றால் சொல். நான் பத்தொன்பது நாளாகத் தேடிய சொல், 'சொல்'. ராத்திரி இரண்டரை மணிக்குத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது.

இன்னும் முடியவில்லை. உடனே காயினை வேறிடத்துக்கு நகர்த்தியாக வேண்டும். புது வாலட் ஒன்று உருவாக்கிக் கவனமாக எழுதிச் சோதிக்கிற நிதானம் எனக்கு அப்போது இல்லை. அதனால் எந்த எக்ஸ்சேஞ்சிலிருந்து பயந்து ஓடி வந்தேனோ அங்கேயே திருப்பி அனுப்பினேன். அனுப்பினால் மட்டும் போதாது. ஒரு பரிவர்த்தனை பிளாக்கில், அதாவது அந்தப் பொதுக் கணக்கேட்டின் அடுத்த பக்கத்தில், ஏறும் வரை, அதே சாவி வைத்திருக்கும் இன்னொருவர் அதிகக் கட்டணம் வைத்து அதே காயினைத் தன் முகவரிக்குத் திருப்பிவிட முடியும். அதனால் ஆப் சொன்ன கட்டணத்தைப் போல மூன்று மடங்கு வைத்தேன். பிட்காயினில் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் வரும் என்பார்கள். சராசரிதான். எனக்கு இருபத்து மூன்று நிமிடம் ஆயிற்று. அந்த இருபத்து மூன்று நிமிடத்தை விவரிக்க எனக்குத் தெரியவில்லை. திருடர்கள் ஏன் முந்தவில்லை என்பதற்கு எனக்கு ஒரு ஊகம் மட்டும் உண்டு. சொற்கள் செல்லாது என்றதும் அவர்களுடைய நிரல் அதைக் குப்பையில் போட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போயிருக்கும். என்னைப் போல அதை வைத்துக்கொண்டு உருக அவர்களுக்கு அவசியமில்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு செய்தி வந்தது. பறிபோன ஈதரைத் தடம் பிடித்து மீட்டுத் தருகிறோம், முன்பணம் மட்டும் கட்டுங்கள் என்று. ஏமாந்தவர்களின் பட்டியலே ஒரு சரக்கு, அது கைமாறும். பிளாக்செயினில் பரிவர்த்தனை ஏறிவிட்டால் அதைத் திருப்ப யாராலும் முடியாது. தடம் பிடிக்கலாம், காவல் துறையில் புகார் கொடுக்கலாம், நானும் கொடுத்தேன். முன்பணம் கேட்கிறவர் மட்டும் கண்டிப்பாக இன்னொரு திருடர்.

காயினை நகர்த்தி முடித்த அன்று காலையே கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. கடைசியில், "இவ்வளவும் உன் தலைக்குள்ளயும் ஒரு தாள்லயும்தான் இருந்துச்சா? உனக்கு ஏதாவது ஆச்சுன்னா எனக்கு இது இருக்கிறதே தெரியாதே" என்றார். பணம் போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஆறு வாரம் காயின் எக்ஸ்சேஞ்சிலேயே இருந்தது. அங்கே கணக்கைக் கொஞ்சம் இறுக்கினேன். எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபியை விட்டுவிட்டு போனிலேயே அந்த எண்ணை உருவாக்கும் ஆதென்டிகேட்டர் ஆப்புக்கு மாறினேன். திருடர்கள் நம் போன் எண்ணை வேறு சிம்முக்கு மாற்றி வாங்கிவிட்டால் எஸ்எம்எஸ் அவர்களுக்குத்தான் போகும். கொஞ்சமாக வைத்திருக்கிறவர்களும், அடிக்கடி வாங்கி விற்கிறவர்களும் இப்படியே நல்ல எக்ஸ்சேஞ்சில் விட்டு வைத்தால் நான் குறை சொல்ல மாட்டேன். 'சாவி உன்னிடம் இல்லையென்றால் காயின் உன்னுடையது இல்லை' என்று எல்லாரும் முழங்குகிறார்கள். சாவியைத் தப்பாக எழுதி வைத்தாலும் காயின் உன்னுடையது இல்லை என்பதை யாரும் முழங்கக் காணோம். போனால் உயிர் போகும் என்கிற அளவு தொகை சேர்ந்த பிறகு, நிதானமாக ஒரு வார இறுதியை ஒதுக்கிச் செய்ய வேண்டிய வேலை இது.

அப்படி ஒரு வார இறுதியை ஒதுக்கி ஹார்டுவேர் வாலட்டுக்கு மாறினேன். சாவி அந்தச் சின்னக் கருவிக்குள்ளேயே பிறந்து அங்கேயே இருக்கும், பரிவர்த்தனைக்கு ஒப்புதல் தரும் டிஜிட்டல் கையெழுத்து மட்டும் வெளியே வரும். கம்ப்யூட்டரில் வைரஸ் இருந்தாலும் சாவி போகாது. தயாரிப்பாளரிடமிருந்தே வாங்குங்கள். பெட்டிக்குள் ஏற்கெனவே சொற்கள் அச்சடித்து வந்தால் அந்தச் சொற்கள் வேறு யாரிடமோ இருக்கின்றன என்று அர்த்தம். 2020இல் பெயர்பெற்ற ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியல் கசிந்தது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் அதில் வெளியே வந்தன. அடுத்த வருஷம் அவர்களில் சிலருக்குத் 'உங்கள் கருவியை மாற்றித் தருகிறோம்' என்று போலிக் கருவிகளே தபாலில் வந்தன. கேட்காமல் வருவது எதுவானாலும் குப்பைத் தொட்டிக்கு.

இந்தத் தடவை சொற்களைப் பெரிய எழுத்தில், அச்செழுத்தாக, எண் போட்டு எழுதினேன். ஆங்கிலப் பெரிய எழுத்தில் 'டி'யும் 'கே'யும் குழம்பவே குழம்பாது. எழுதி முடித்துத் தாளிலிருந்து சத்தமாகப் படித்துத் திரையோடு ஒப்பிட்டேன். பிறகுதான் முக்கியமான வேலை. கொஞ்சூண்டு பிட்காயின், போனால் போகட்டும் என்கிற அளவு, அதற்கு அனுப்பினேன். பெறுமுகவரியைக் குறித்துக்கொண்டேன். அப்புறம் கருவியை வேண்டுமென்றே முழுதாக அழித்தேன். தாளை மட்டும் வைத்து மீட்டேன். அதே முகவரி, அதே தொகை வந்தது. அங்கிருந்து ஒரு துளி திருப்பியும் அனுப்பிப் பார்த்தேன். அதன் பிறகே மீதி வந்தது. 2022இல் அந்தப் பத்து நிமிடச் சோதனையைச் செய்திருந்தால் 'வொர்க்' அன்றைக்கே மாட்டியிருக்கும், அப்போது வாலட்டில் ஒன்றுமே இருந்திருக்காது. மீட்டுப் பார்க்காத தாளை நான் இப்போதெல்லாம் வெறும் தாள் என்றே நினைக்கிறேன்.

தாள் நனையும், எரியும், பூச்சி அரிக்கும். அதனால் எழுத்தைக் குத்திப் பதிக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு இரண்டு வாங்கினேன். அந்த எஃகு உருக 1,400 டிகிரி செல்சியஸ் சுற்றி வேண்டும், வீட்டுத் தீ சாதாரணமாக அந்த அளவுக்குப் போகாது. முதல் நான்கு எழுத்துகளைக் குத்தினாலே போதும், பட்டியலில் அது ஒரே சொல்லைத்தான் காட்டும். இரண்டு தகடும் இரண்டு வெவ்வேறு கட்டடத்தில். புகைப்படம் எடுக்கவே கூடாது. போன் அதைக் கேட்காமலே கிளவுடில் ஏற்றிவிடும், அப்புறம் அந்தக் கணக்கின் பாஸ்வேர்டுதான் உங்கள் பிட்காயினின் பூட்டு. சொற்களை ஆறு ஆறாக இரண்டு தாளில் பிரித்து வைக்கச் சொல்லும் யோசனை ஒன்று சுற்றுகிறது. அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு தாள் தொலைந்தால் உங்களுக்கு எல்லாம் போச்சு. ஒரு தாள் கிடைத்தவனுக்கோ தேடும் வேலை பாதிக்கு மேல் குறைந்துவிடும்.

சொற்களுக்கு மேல் பாஸ்ஃப்ரேஸ் என்று நாமே வைக்கும் இன்னொரு ரகசியச் சொல்லைச் சேர்க்கும் வசதியும் உண்டு. தகடு திருடுபோனாலும் காயின் போகாது என்பது அதன் லாபம். ஆனால் பாஸ்ஃப்ரேஸைத் தப்பாகத் தட்டினால் 'தப்பு' என்று அது சொல்லாது, காலியான வேறொரு வாலட்டைத் திறந்து காட்டும். ஒரு எழுத்தால் உயிர் போன எனக்கு அது ஒத்துவரவில்லை, வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பாஸ்வேர்டை மறந்து, பத்து தடவை தவறினால் பூட்டிக்கொள்ளும் டிரைவுக்குள் 7,002 பிட்காயினின் சாவியைப் பூட்டி வைத்த புரோகிராமர் ஒருவரின் கதை உலகப் பிரசித்தம். எனக்கு நேர்ந்ததையெல்லாம் வைத்துப் பார்த்தால், திருடனைவிட என் மறதிக்கும் என் கைக்கும்தான் நான் அதிகம் பயப்பட வேண்டும். உங்கள் பயம் வேறாக இருக்கலாம்.

கருவி வந்துவிட்டால் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்றும் இல்லை. அனுப்பும் முகவரியைக் கம்ப்யூட்டர் திரையில் பார்ப்பது போதாது, கருவியின் திரையில் படிக்க வேண்டும். காப்பி செய்த முகவரியைச் சத்தமில்லாமல் மாற்றிவிடும் வைரஸ்கள் உண்டு. முதல் நான்கும் கடைசி நான்கும் நம் முகவரி போலவே இருக்கும் ஒன்றை உருவாக்கி, அதிலிருந்து ஒரு துளி அனுப்பி, நம் பழைய பட்டியலில் உட்கார வைக்கிறவர்களும் உண்டு. நாம் அடுத்த தடவை அதையே காப்பி செய்வோம் என்று காத்திருப்பார்கள். நான் நடு எழுத்துகளையும் படிக்கிறேன். புரியாத எதற்கும் கையெழுத்துப் போடுவதில்லை. 2025 பிப்ரவரி 21 அன்று பைபிட் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈதர் போனது. பல பேர் கையெழுத்துப் போட்டால்தான் நகரும் வாலட் அது. திரையில் வழக்கமான பரிமாற்றம் போலத் தெரிந்தது, அவர்கள் கையெழுத்திட்டது வேறொன்றுக்கு. அவர்களுக்கே அந்தக் கதி.

கணவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். சொற்கள் இல்லாமல் ஒரு கடிதம் எழுதினேன். என்ன இருக்கிறது, கருவி எங்கே, தகடுகள் எங்கே, எந்த ஆப், என்ன வரிசையில் என்ன செய்ய வேண்டும், யார் கேட்டாலும் சொற்களைக் கொடுக்கக் கூடாது, அவசரமே படக் கூடாது என்றெல்லாம். எழுதிவிட்டுப் பெருமையாக அவரிடம் நீட்டினேன். "சரி, நீ பக்கத்து ரூம்ல போய் உட்காரு. நான் கூப்பிட்டாலும் வராதே" என்றார். துளித் தொகை போட்ட ஒத்திகை வாலட்டை வைத்து மீட்கச் சொல்லி ஏற்பாடு. இருபதாவது நிமிடத்தில், "பின் நம்பர் கேட்குது, அது இதுல இல்லையே" என்று குரல் வந்தது. மறந்திருந்தேன். அழித்து மீட்கும்போது புதுப் பின் வைக்கலாம் என்பது எனக்குத் தெரியும், கடிதத்துக்குத் தெரியாது. இரண்டாம் வரைவில் ஆப்பை எங்கிருந்து இறக்குவது என்பதை எழுதாமல் விட்டிருந்தேன். மூன்றாவது கடிதத்தை வைத்து நாற்பது நிமிடத்தில் தனியாக முடித்தார். தொகை சரியாகத் தெரிந்ததும் அறைக்குள் வந்து, "இதுல 'தகடு'ன்னு எழுதியிருக்க, எனக்குப் புரியுது. நம்ம பொண்ணு படிச்சா எந்தத் தகடுன்னு கேட்பா" என்றார். நான்காம் வரைவு எழுதிக்கொண்டிருக்கிறேன்.